செய்தியின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: லட்சக்கணக்கானோர் தினமும் படிக்கும் ஒரு செய்தித் தளம் தரமில்லாமல் இருந்தால் இத்தனை பேர் அங்கே போவார்களா? கூட்டம் சேர்கிற இடத்தில் சரக்கு இருக்கும் என்பதுதானே வழக்கம்?

பதில்: கூட்டம் சேர்ந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்பது வரை சரி. அந்தக் காரணம் தரம்தானா என்பதை எண்ணிக்கை சொல்லாது. ‘பக்கப் பார்வை’ என்று தளங்கள் காட்டும் எண் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். உலாவியில் ஒரு பக்கம் திறந்தால் ஒரு பார்வை. கடைசி வரி வரை படித்தவரும் ஒன்றுதான், தலைப்பைப் பார்த்துவிட்டு மூன்று விநாடியில் வெளியேறியவரும் ஒன்றுதான். இருபது படங்களை ஒரே பக்கத்தில் போட்டால் ஒரு பார்வை கிடைக்கும். படத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்து ‘அடுத்து’ என்ற பொத்தானை வைத்தால் அதே வாசகரிடமிருந்து இருபது பார்வைகள் கிடைக்கும். சில தளங்களின் முகப்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவரும் கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பார்.

காணொளிக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. சராசரியாக ஒருவர் எவ்வளவு நேரம் காணொளி பார்க்கிறார் என்று தான் காட்டிவந்த எண் தவறானது என்று 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. மொத்தம் பார்க்கப்பட்ட நேரத்தை, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்திருந்தார்கள். அதற்குள் விலகிப் போனவர்கள் வகுக்கும் எண்ணில் சேரவே இல்லை. இதனால் சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை கூடுதலாகத் தெரிந்திருக்கலாம் என்று விளம்பர நிறுவனம் ஒன்றுக்குச் சொல்லப்பட்டது. அதே காலத்தில்தான் பல செய்தி நிறுவனங்கள் எழுத்துப் பணியாளர்களைக் குறைத்துவிட்டுக் காணொளியின் பக்கம் தாவின. அந்த முடிவுகளுக்கு இந்த ஒரே எண்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், வகுத்தலில் ஒரு பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதை இது காட்டுகிறது.

பகிர்வும் அப்படித்தான். கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 சதவீதம் ஒருமுறைகூடச் சொடுக்கப்படவில்லை. பகிர்ந்தவர்களில் பலர் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கைமாற்றியிருக்கலாம். இப்படிப் பரவியதை வைத்து உள்ளே இருக்கும் எழுத்தின் தரத்தை எப்படி அளப்பது?

கேள்வி: அப்படியானால் அதிகம் பரவும் செய்தியெல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அது எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வை அந்த நம்பிக்கைக்குச் சான்றாகப் பலர் காட்டுகிறார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை அது ஆராய்ந்தது. பொய்ச் செய்தி மறுபகிர்வாகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். உண்மை 1,500 பேரை எட்டுவதற்குப் பொய்யைப்போல் ஆறு மடங்கு நேரம் எடுத்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே.

ஆனால் அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது, உண்மை சரிபார்க்கும் அமைப்புகளின் பார்வைக்கு ஏற்கெனவே வந்திருந்த செய்திகளை மட்டும். அன்றாடம் வெளியாகும் அத்தனை செய்திகளுக்கும் அந்த விகிதத்தைப் பொருத்த முடியாது. புதுமையாகத் தெரிவது வேகமாகப் போகிறது. கற்பனைக்குப் புதுமை எளிது. அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவ்வளவே. நன்றாகத் துருவி எழுதப்பட்ட புலனாய்வும் சில சமயம் பெரும் வாசகர்களைப் பெறுகிறது. வாசகர் பெருகினால் வருவாய் பெருகும். வருவாய் இருந்தால் களத்துக்கு ஆள் அனுப்பலாம், வழக்கு வந்தால் வழக்கறிஞரை வைக்கலாம், பிழையைப் பிடிக்கக் கண்களும் அதிகம் கிடைக்கும். புகழ் இப்படித் தரத்துக்கு உதவ முடியும். அந்தப் பணம் செய்தியாளருக்குப் போகிறதா, தலைப்பு சோதிக்கும் மென்பொருளுக்குப் போகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேள்வி: தலைப்பு சோதிக்கும் மென்பொருளா? அது எப்படி வேலை செய்கிறது?

பதில்: ஒரே செய்திக்கு இரண்டு முதல் நான்கு தலைப்புகளை எழுதிப் பதிவேற்றுவார்கள். வருகிற வாசகர்களை மென்பொருள் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைப்பைக் காட்டும். சிறிது நேரத்தில் எதை அதிகம் பேர் சொடுக்கினார்களோ அதை வென்ற தலைப்பாக அறிவித்து எல்லோருக்கும் காட்டத் தொடங்கும்.

இதில் மூன்று இடத்தில் கோளாறு வரும். முதலாவது, சில நூறு பேரை வைத்து முடிவெடுப்பது; அந்த அளவில் வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்கலாம். இரண்டாவது, உள்ளே போனவர் படித்தாரா, ஏமாந்து திரும்பினாரா என்பதைச் சொடுக்கு சொல்லாது. மூன்றாவதுதான் மோசம்: எந்தத் தலைப்பு உள்ளே இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கிறதோ அது தொடர்ந்து ஜெயிக்கும். அதைப் பார்த்துப் பார்த்து உதவி ஆசிரியரின் கையும் அப்படியே எழுதப் பழகிவிடும். யாரும் உத்தரவிட வேண்டியதில்லை.

‘அப்வொர்த்தி’ என்ற அமெரிக்கத் தளம் தன்னுடைய தலைப்புச் சோதனைத் தரவுகளை ஆய்வுக்குக் கொடுத்தது. ஏறத்தாழ 1,05,000 தலைப்பு வடிவங்களை அலசி 2023-இல் வெளியான கட்டுரையின்படி, சராசரி நீளமுள்ள ஒரு தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் சொடுக்கு விகிதம் 2.3 சதவீதம் கூடுகிறது. கேட்கச் சின்ன எண். ஒரு நாளைக்கு நூறு தலைப்பு, ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று பெருக்கினால், செய்தியறை எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்துவிடும்.

தளங்களுக்கு வெளியே இருக்கும் இயந்திரமும் இதே திசையில் தள்ளியிருக்கிறது. 2017-இல் ஃபேஸ்புக் ‘விருப்பம்’ ஒன்றுக்கு ஒரு புள்ளி என்றால் கோபம் உள்ளிட்ட முகக்குறிகளுக்கு ஐந்து புள்ளி என்று வைத்துப் பதிவுகளை வரிசைப்படுத்தியது. கோபக்குறிக்கான மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து 2020-இல்தான் பூஜ்யமாக்கினார்கள். 2021-இல் வெளியான உள் ஆவணங்களால் இது தெரியவந்தது. அந்த ஆண்டுகளில் கோபமூட்டும் தலைப்பு எழுதியவர், தெரிந்தோ தெரியாமலோ, ஐந்து மடங்கு கூலி வாங்கிக்கொண்டிருந்தார்.

கேள்வி: சார்பு இல்லாத ஊடகமே கிடையாது என்கிறார்கள். எல்லோருக்கும் சார்பு உண்டு என்றால், எதைப் படித்தாலும் ஒன்றுதானே?

பதில்: ‘எல்லோருக்கும் சார்பு உண்டு’ என்பது உண்மை. ‘ஆகவே எல்லாம் ஒன்றுதான்’ என்பது அதிலிருந்து பிறக்காத முடிவு. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பொய்ச் செய்தி தயாரிப்பவர்கள்தான் அதிகம் விரும்புகிறார்கள்.

நிலைப்பாடு வேறு, தேர்வு வேறு. ஒரு தளம் ஒரு கொள்கையை வெளிப்படையாக ஆதரிக்கலாம். தலையங்கத்தில் அடித்துப் பேசலாம். அதனால் மட்டும் அதன் செய்தி கெட்டுவிடாது. ‘மான்செஸ்டர் கார்டியன்’ ஆசிரியர் சி.பி.ஸ்காட் 1921-இல் எழுதியது இன்றும் பொருந்தும்: கருத்துக்குத் தடையில்லை, உண்மைகள் புனிதமானவை. தன் நிலைப்பாட்டுக்கு எதிரான தகவல் கைக்கு வரும்போது அந்தத் தளம் அதைப் போடுகிறதா, எங்கே போடுகிறது, அதைத் தேடிப் போகவாவது செய்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நல்ல பழைய உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்க இதழாளர்களான வால்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் 1920-இல், ரஷ்யப் புரட்சியைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்தார்கள். புரட்சியில் அதிகாரத்தைப் பிடித்த போல்ஷெவிக் கட்சியின் ஆட்சி கவிழ்ந்துவிட்டது அல்லது கவிழப் போகிறது என்று இரண்டே ஆண்டுகளில் 91 முறை எழுதப்பட்டிருந்தது. ஆட்சி கவிழவில்லை. செய்தியாளர்கள் பொய் சொல்லத் துணிந்தார்கள் என்று அவர்கள் முடிவுகட்டவில்லை. நடந்ததை விட்டுவிட்டு, நடக்க வேண்டும் என்று விரும்பியதையே பார்த்தார்கள் என்றார்கள். பெயர் தெரியாத ‘வட்டாரங்கள்’ சொன்னதை மறுபடி மறுபடி நம்பியதுதான் அங்கே நடந்த பிழை. அது பெரிய பத்திரிகை, மதிப்புள்ள பத்திரிகை. அந்தப் புகழும் காப்பாற்றவில்லை.

நம் மொழியில் எழுதப்படும் செய்தியில் சார்பு ஒளிந்துகொள்ளும் இடங்கள் சில உண்டு. பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு செய்தியைப் படியுங்கள்.

முதலில் வினைச்சொற்களைச் சுழியுங்கள். ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ இரண்டும் வெறும் தகவல். ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் குற்றம் ஏற்கெனவே இருக்கிறது. ‘மழுப்பினார்’, ‘சமாளித்தார்’ என்றால் செய்தியாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். ‘விளாசினார்’ என்றால் கைதட்டுகிறார். ஒரு தரப்பு எப்போதும் ‘விளக்கமளித்து’, மறு தரப்பு எப்போதும் ‘மழுப்பி’க்கொண்டிருந்தால் அந்தத் தளத்தின் சாய்வு எது என்று வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

அடுத்தது ‘என்று கூறப்படுகிறது’, ‘என்று தெரிகிறது’, ‘என்று சொல்லப்படுகிறது’. கூறியது யார்? யாருக்குத் தெரிகிறது? செயப்பாட்டு வினை இங்கே ஆளை மறைக்கும் திரை. காவல்துறை சொல்லியிருந்தால் காவல்துறை என்று எழுதுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஒரு செய்தியில் இப்படிப்பட்ட வாக்கியம் மூன்றுக்கு மேல் இருந்து, பெயருள்ள ஆதாரம் ஒன்றுகூட இல்லையென்றால், அது செய்தியாகும் முன்பே வெளியிடப்பட்டுவிட்டது.

செயப்பாட்டு வினை இன்னொரு வேலையும் செய்யும். ‘மூவர் கொல்லப்பட்டனர்’ என்று ஒரு சம்பவத்துக்கும், ‘இன்னார் மூவரைக் கொன்றனர்’ என்று வேறொரு சம்பவத்துக்கும் ஒரே தளம் எழுதினால், எங்கே ஆள் மறைக்கப்படுகிறார் என்று கவனியுங்கள். ஒரு செய்தியில் இதைக் கண்டு முடிவுகட்ட வேண்டாம். கொன்றது யாரென்று உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம். பத்துச் செய்திகளில் ஒரே திசையில் நடந்தால் அது பழக்கம்.

மறுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குற்றச்சாட்டு தலைப்பிலும், குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் பதினாறாவது பத்தியிலும் இருந்தால், பெரும்பாலான வாசகர்களுக்கு அந்தப் பதில் அச்சாகவே இல்லை. ‘அவரைத் தொடர்புகொள்ள முயன்றோம்; கிடைக்கவில்லை’ என்ற வரி நேர்மையானதுதான். எத்தனை மணி நேரம் அவகாசம் தந்தார்கள் என்றும் எழுதினால் இன்னும் நேர்மை. வெளியிடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு அழைத்துவிட்டும் அதே வரியை எழுத முடியும் அல்லவா?

எண்களுக்கு அடித்தளம் கேளுங்கள். ‘இரு மடங்கானது’ என்றால் எதிலிருந்து எதற்கு? இரண்டு நான்கானதும் இரு மடங்கு, இரண்டாயிரம் நாலாயிரமானதும் இரு மடங்கு. எந்த ஆண்டை ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள் என்பதில் சார்பு மிக வசதியாக உட்கார்ந்துகொள்ளும். மிக மோசமான ஆண்டைத் தொடக்கமாக வைத்தால் எல்லா ஆட்சியும் முன்னேற்றம்தான்.

இத்தனைக்கும் பிறகு, வெளியிடப்படாத செய்தியில் இருக்கும் சார்பை எந்தப் பென்சிலாலும் சுழிக்க முடியாது. அதற்கு ஒரே வழி, எதிர்ச்சாய்வு கொண்ட இன்னொரு தளத்தின் அன்றைய முகப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒன்றில் இருந்து மற்றதில் முழுவதும் இல்லாமல் போன செய்திகளை ஒரு வாரம் குறித்து வாருங்கள்.

கேள்வி: இரு தரப்புக்கும் சம இடம் கொடுத்துவிட்டால் நடுநிலை வந்துவிடும் அல்லவா?

பதில்: கொள்கைச் சர்ச்சையில் வரும். உண்மை எது என்பதில் வராது. புவி வெப்பமாதல் பற்றி அமெரிக்காவின் முன்னணி நாளிதழ்களில் 1988 முதல் 2002 வரை வந்த செய்திகளை மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் இருவரும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 53 சதவீதச் செய்திகள், மனிதச் செயலால் வெப்பம் கூடுகிறது என்பதற்கும் இயற்கையின் ஏற்ற இறக்கம்தான் என்பதற்கும் ஏறக்குறையச் சம இடம் கொடுத்திருந்தன. அறிவியலாளர்களிடையே அப்படிப் பாதிக்குப் பாதி பிளவு இல்லை. சமநிலையே சார்பாகிவிட்டது. 2018-இல் பிபிசி தன் பணியாளர்களுக்கு, இந்த விஷயத்தில் சமநிலைக்காக மறுப்பாளர் ஒருவரைக் கூட்டிவர வேண்டியதில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: ஒரே செய்தியைப் படித்துவிட்டு நான் அது எங்களுக்கு எதிரானது என்கிறேன். என் நண்பர், மாற்றுக் கருத்துள்ளவர், அது அவர்களுக்கு எதிரானது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு. 1982-இல் பெய்ரூட்டின் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலையைப் பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் போட்டுக் காட்டினார்கள். இரு தரப்புமே அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. 1985-இல் வெளியான அந்த ஆய்வில், விஷயம் அதிகம் தெரிந்தவர்களிடமே இந்த உணர்வு கூடுதலாக இருந்தது.

ஆகவே ‘இது சார்பு’ என்று தோன்றும்போது ஒரு சோதனை செய்யுங்கள். செய்தியில் வரும் இரு தரப்புப் பெயர்களையும் மாற்றிப் போட்டுப் படியுங்கள். அப்போதும் அந்த வினைச்சொல், அந்த மறுப்பின் இடம், அந்த எண் உங்களை உறுத்துகிறதா? உறுத்தினால் குறை எழுத்தில். இல்லையென்றால் குறை நம் பார்வையில்.

கேள்வி: ஒரு செய்தி கைபேசியில் வருகிறது. பத்து நிமிடம் இருக்கிறது. நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறுங்கள். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: பக்கத்தை மேலும் கீழும் உருட்டி, வடிவமைப்பு அழகாக இருக்கிறதா, ‘எங்களைப் பற்றி’யில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். வைன்பர்க், மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள், 25 ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஆகியோரிடம் அறிமுகமில்லாத தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். படித்த பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே சுற்றிப் பல முறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில விநாடிகளில் உலாவியில் புதிய தாவல்களை (tab) திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடித்தவர்கள் அவர்களே.

முதல் இரண்டு நிமிடம் அதற்கு. தளத்தின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, அதை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடுத்த மூன்று நிமிடம் செய்தியின் மையத் தகவலுக்கு. பெயர், இடம், எண் ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். ஐந்து தளங்களில் வந்திருக்கிறது என்று உடனே நிம்மதி அடைய வேண்டாம். ஐந்திலும் ஒரே வாக்கியங்கள் இருந்தால் அது ஓர் ஆதாரத்தின் ஐந்து நகல். தனித்தனியாக ஆளனுப்பியோ ஆவணம் பார்த்தோ எழுதியவை எத்தனை என்று எண்ணுங்கள்.

படம் இருந்தால் அதைச் சேமித்து, கூகுள் லென்ஸிலோ டின்ஐ (TinEye) தளத்திலோ தலைகீழ்த் தேடலுக்கு, அதாவது அதே படம் இதற்கு முன் எங்கே வந்திருக்கிறது என்று தேடக் கொடுங்கள். மிகப் பழைய தேதிப்படி வரிசைப்படுத்தும் வசதி டின்ஐயில் உண்டு. இன்றைய வெள்ளம் என்று வரும் படம் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு நாட்டில் வெளியாகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எதுவும் கிடைக்கவில்லையென்றால் படம் உண்மை என்று அர்த்தமில்லை. இடவலம் திருப்பியோ வெட்டியோ இருந்தால் தேடல் தவறவிடும். திருப்பி ஒருமுறை, வெட்டி ஒருமுறை மறுபடி முயலுங்கள்.

மீதி நேரத்தை மூல ஆவணத்துக்குக் கொடுங்கள். தீர்ப்பு, அறிக்கை, ஆய்வு என்று செய்தி குறிப்பிட்டால் அதற்கு இணைப்பு இருக்க வேண்டும். திறந்து, செய்தி மேற்கோளிட்ட வரிக்கு முன்னும் பின்னும் ஒரு பத்தி படியுங்கள். வெட்டப்பட்ட மேற்கோள்கள் பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். நேரம் முடிந்தும் தெளிவு வரவில்லையென்றால் பகிராதீர்கள்.

கேள்வி: புகழ்பெற்ற நிறுவனம், விருது வாங்கிய செய்தியாளர் என்றால் இதெல்லாம் தேவைப்படாது அல்லவா?

பதில்: க்ளாஸ் ரெலோட்டியஸ் ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ இதழில் எழுதியவர், விருதுகளை அள்ளியவர். அந்த இதழுக்குப் பெரிய சரிபார்ப்புப் பிரிவே உண்டு. ஆனாலும் அவர் ஆட்களையும் காட்சிகளையும் உரையாடல்களையும் புனைந்து எழுதியிருந்தார். உடன் பணியாற்றிய ஹுவான் மொரேனோ சந்தேகப்பட்டு, சொந்தச் செலவில் ஆதாரம் திரட்டினார். முதலில் அவரைத்தான் நம்ப மறுத்தார்கள். 2018 டிசம்பரில் அந்த இதழே இதை வெளியிட்டது. அழகான நடையும் கச்சிதமாகப் பொருந்தும் காட்சிகளும் இருக்கும் கட்டுரையில், வேறு எவரும் உறுதிசெய்ய முடியாத ஒரே சாட்சி மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தன் பிழையைத் தானே வெளியிட்டது அந்த இதழின் மதிப்பில் சேரும். ஒரு தளத்தின் திருத்தங்களைத் தேடிப் பாருங்கள். எது தவறு, சரி எது, எப்போது மாற்றப்பட்டது என்று செய்தியின் கீழேயே இருக்கிறதா, சத்தமில்லாமல் வரியை மாற்றிவிடுகிறார்களா? இணையக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் அந்த முகவரியை இட்டால், சேமிக்கப்பட்டிருந்தால் பழைய வடிவத்தைப் பார்க்கலாம். திருத்தமே போடாத தளத்தில் பிழையே இல்லை என்று நினைப்பவர் ஏமாறுவார்.

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறு செய்தித் தளம் நடத்துகிறோம். பக்கப் பார்வையை அளக்காவிட்டால் வேறு எதை அளப்பது?

பதில்: பக்கப் பார்வையை அளப்பதை நிறுத்த வேண்டாம், விளம்பரதாரர் கேட்பார். செய்தியாளரின் மேசையிலிருந்து மட்டும் அந்தத் திரையை அகற்றுங்கள். மாதம் ஒருமுறை ஆசிரியர் பார்த்தால் போதும்.

வாசகர் பற்றி இரண்டு எண்கள் உதவும். ஒன்று, 30 நாட்களில் ஐந்து முறையாவது திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். மற்றது, உருட்டியோ தட்டியோ உண்மையிலேயே படித்துக்கொண்டிருந்த நேரம். தாவல் சும்மா திறந்திருந்த நேரத்தை இதில் சேர்க்காதீர்கள். 800 சொல் கட்டுரையில் அந்த நேரம் 15 விநாடி என்றால் தலைப்பில் தவறு தேடுங்கள்.

வேலை பற்றிய கணக்கு ஒரு விரிதாளில் அடங்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி: பெயருள்ள ஆதாரங்கள் எத்தனை, பார்த்த மூல ஆவணங்கள் எத்தனை, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்த அவகாசம் எத்தனை மணி நேரம், பிறகு போட்ட திருத்தம் என்ன, அந்தப் பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது. மூன்று மாதம் கழித்துக் கடைசி நெடுவரிசையைப் படியுங்கள். களத்தில் நுழைந்த பிழைகளா, மொழிபெயர்ப்பிலா, அவசரத்தில் எழுதிய தலைப்பிலா என்று பிரித்தால், நான்கு பேரில் யாருடைய நேரத்தை எங்கே மாற்றிப் போடுவது என்பது தெளிவாகும்.

தலைப்புச் சோதனை செய்வதாக இருந்தால் செய்யுங்கள். ஆனால் எந்தத் தலைப்பு வென்றாலும் அது உள்ளே இருக்கும் செய்திக்குப் பொருந்த வேண்டும். அதனால் சோதனைக்குப் போகும் முன், செய்தியை எழுதாத ஒருவர் எல்லாத் தலைப்புகளையும் கட்டுரையோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடட்டும்.